கண்ணாடி போட்டும் தெரியவில்லை என்றால்...

சென்ற கல்வியாண்டில் எங்கள் பள்ளியில் நடந்த கண் பரிசோதனைக்குப் பிறகு பதினான்கு மாணவர்களுக்கு இலவசக் கண்ணாடி வந்தது. ஒரு மாதத்துக்குள் அதில் பாதி புத்தகப் பைக்குள் போய்விட்டது. எல்லாப் பள்ளிகளிலும் நடப்பதுதான். ஆனால் ஏழாம் வகுப்பு மாணவி ஒருத்தியிடம் நான் கொஞ்சம் கடுமையாகவே நடந்துகொண்டேன். முதல் பெஞ்சில் உட்கார்ந்திருந்தும் கரும்பலகையைப் பார்க்காமல் பக்கத்துப் பிள்ளையின் நோட்டைப் பார்த்துத்தான் எழுதுவாள். கண்ணாடியைப் போடு என்றால் போடுவாள். நான் திரும்பியதும் கழற்றிவிடுவாள். மூன்றாவது முறை நான் சத்தம் போட்டபோது மெதுவாகச் சொன்னாள்: "போட்டாலும் போடாட்டியும் ஒரே மாதிரிதான் டீச்சர் தெரியுது."

பிடிவாதம் என்றே எடுத்துக்கொண்டேன். ஒளியியல் பாடம் நடத்தும் எனக்கு அந்த ஒரு வரி ஓர் அறிகுறி என்று உறைக்க மேலும் இரண்டு வாரம் ஆயிற்று. அம்மாவை வரவழைத்துப் பேசி, மதுரையில் கண் மருத்துவரிடம் அனுப்பினோம். சொட்டு மருந்து விட்டுக் கண்ணின் உட்புறத்தைப் பார்த்த மருத்துவர், கொடுத்த கண்ணாடி சரியான அளவுதான் என்றார். கண்ணின் முன்பக்கத்தில் கோளாறு பெரிதாக இல்லை. கண்ணுக்குப் பின்னால் இருக்கும் பார்வை நரம்பு இரண்டு பக்கமும் பிறவியிலேயே மெலிந்து சிறுத்திருக்கிறது. கண்ணாடியோடு நல்ல கண்ணின் பார்வை 6/36, மற்றொன்று 6/60. மற்றவர்களுக்கு அறுபது மீட்டரில் தெரியும் எழுத்து அந்தக் கண்ணுக்கு ஆறு மீட்டரில்தான் தெரியும் என்பது இதன் பொருள்.

பாடநூல் நிற்கும் இடம்

பத்தாம் வகுப்பு ஒளியியல் பாடத்தில் கிட்டப்பார்வை, தூரப்பார்வை, பார்வைச் சிதறல் குறைபாடு என்று நடத்துகிறோம். எல்லாமே ஒளி சரியான இடத்தில் குவியாததால் வரும் குறைகள். எல்லாவற்றுக்கும் ஒரு லென்சு தீர்வாக இருக்கிறது. பிம்பம் விழித்திரையில் விழுந்ததும் "பார்வை நரம்பு அதை மூளைக்கு எடுத்துச் செல்கிறது" என்ற ஒரே வரியில் பாடம் முடிந்துவிடும். பார்வைக் குறை என்றாலே கண்ணாடி என்று மாணவர்களும் நாமும் நினைப்பதற்கு இதுவும் ஒரு காரணம் என்று எனக்குத் தோன்றுகிறது.

அந்த ஒரு வரிக்குள் இருப்பது ஏறத்தாழ 10 முதல் 12 லட்சம் நரம்பு இழைகள். விழித்திரையின் எல்லாப் பக்கங்களிலிருந்தும் ஓடிவரும் இந்த இழைகள் ஒரே இடத்தில் கூடி, கட்டாகக் கண்ணைவிட்டு வெளியேறுகின்றன. கட்டின் நீளம் சுமார் 5 சென்டிமீட்டர். இரண்டு கண்களின் நரம்புகளும் மூளையின் அடிப்பகுதியில் சந்திக்க, மூக்குப் பக்கத்து இழைகள் மட்டும் எதிர்ப்பக்கத்துக்குக் கடந்து போகின்றன. இழைகள் கண்ணைவிட்டு வெளியேறும் வாசலைப் பார்வை நரம்புத் தட்டு என்கிறார்கள். விட்டம் சுமார் 1.5 மில்லிமீட்டர். அங்கே ஒளியை உணரும் செல்கள் கிடையாது. நாம் நடத்தும் குருட்டுப் புள்ளி அதுதான். பிரான்சைச் சேர்ந்த மரியோட் 1660களில் இதைக் கண்டறிந்தார்.

வகுப்பில் ஐந்தே நிமிடத்தில் இதைச் செய்து காட்டலாம். வெள்ளைத்தாளில் இடப்பக்கம் ஒரு கூட்டல் குறி, அதிலிருந்து 8 சென்டிமீட்டர் வலப்பக்கம் ஒரு கரும்புள்ளி. இடக்கண்ணை மூடிக்கொண்டு வலக்கண்ணால் கூட்டல் குறியை மட்டும் பார்க்க வேண்டும். தாளைக் கை நீட்டும் தூரத்திலிருந்து மெல்ல முகத்தருகே கொண்டுவந்தால், சுமார் 30 சென்டிமீட்டரில் கரும்புள்ளி காணாமல் போகும். பிள்ளைகள் கூச்சலிட்டு மகிழும் சோதனை இது. "இந்த ஓட்டை இவ்வளவு நாளா நமக்கு ஏன் தெரியல?" என்று ஒருவராவது கேட்பார்கள். மற்றக் கண்ணும் மூளையும் சேர்ந்து நிரப்பிவிடுகின்றன. பிறவியிலேயே பெரிய ஓட்டையோடு இருக்கும் பிள்ளைக்கும் அப்படித்தான். தனக்குத் தெரியாதது எது என்று அந்தப் பிள்ளைக்குத் தெரியாது. குறையை அது வந்து சொல்லும் என்று நாம் காத்திருக்க முடியாது.

ஜெர்மானிய அறிஞர் ஹெல்ம்ஹோல்ட்ஸ் 1851இல் கண்ணின் உட்புறத்தைப் பார்க்கும் கருவியைப் பற்றி வெளியிட்ட பிறகுதான் உயிருள்ள மனிதரின் இந்தத் தட்டை மருத்துவர்களால் நேரில் பார்க்க முடிந்தது. நலமான தட்டு இளஞ்சிவப்பாக, நடுவில் சிறு குழியோடு இருக்கும். இந்தக் குழி வயதான காலத்தில் அகன்றுகொண்டே போனால் அது கண் அழுத்த நோயாக இருக்கலாம். மதுரை அரவிந்த் கண் மருத்துவமனை தென் தமிழகத்தின் மூன்று மாவட்டக் கிராமங்களில் 40 வயதைக் கடந்த 5150 பேரைப் பரிசோதித்து 2003இல் வெளியிட்ட ஆய்வில் 2.6 விழுக்காட்டினருக்கு அந்த நோய் இருந்தது. பெரும்பாலோர் அதுவரை அதை அறிந்திருக்கவில்லை. நாற்பதைத் தாண்டிய நாமும் ஒருமுறை பார்த்துக்கொள்வது நல்லது. நம் பேச்சு இங்கே பிள்ளைகளைப் பற்றியது.

பிறவியில் என்னவெல்லாம் நடக்கிறது

கருவில் ஒரு கட்டத்தில் பார்வை நரம்பில் தேவையைப் போல மும்மடங்கு இழைகள் உருவாகின்றன. பிறகு மிகையானவை உதிர்ந்து, பிறக்கும்போது தேவையான அளவு எஞ்சுகிறது. ஏதோ ஒரு காரணத்தால் இழைகள் போதுமான அளவு உருவாகாமலோ, அளவுக்கு மீறி உதிர்ந்தோ போனால் நரம்பு மெலிந்து நிற்கும். எங்கள் மாணவிக்கு இருப்பது இதுதான். மருத்துவர்கள் ஹைப்போபிளேசியா என்பார்கள். வளர்ச்சிக் குறை என்று பொருள். ஒரு கண்ணிலும் வரலாம், இரண்டிலும் வரலாம். பார்வை ஏறத்தாழ இயல்பாக இருப்பதிலிருந்து வெளிச்சம்கூடத் தெரியாத நிலை வரை ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒவ்வொரு அளவு. இரண்டு கண்ணிலும் கடுமையாக இருந்தால் பிறந்த சில மாதங்களில் கண்கள் இடமும் வலமுமாக ஆடத் தொடங்கும். ஒரு கண்ணில் மட்டும் இருந்தால் அந்தக் கண் மாறுகண்ணாகத் திரும்பலாம். அல்லது எந்த அடையாளமும் இல்லாமல் பத்து வயதுவரை யாருக்கும் தெரியாமலே இருக்கலாம்.

இதில் ஆசிரியர்கள் அறியவேண்டிய இன்னொரு செய்தி உண்டு. பார்வை நரம்பு உருவாகும் இடத்துக்கு அருகில்தான் பிட்யூட்டரி சுரப்பியும் அதை ஆளும் மூளைப் பகுதியும் இருக்கின்றன. நரம்பு மெலிந்த பிள்ளைகளில் ஒரு பகுதியினருக்கு ஹார்மோன் குறையும் சேர்ந்தே வரும். வளர்ச்சி ஹார்மோன் குறைந்தால் உயரம் பின்தங்கும். கார்ட்டிசால் குறைந்தால் சாதாரணக் காய்ச்சல்கூட ஆபத்தாகும். ரத்தச் சர்க்கரை திடீரென்று இறங்கி மயங்கலாம். எங்கள் மாணவி வகுப்பிலேயே மிகவும் குள்ளம். வரிசையில் எப்போதும் அவள்தான் முதலில் நிற்பாள். ஆறாம் வகுப்பிலிருந்து உயரத்தைப் பதிவேட்டில் எழுதிவந்தோம், எழுதியதோடு சரி. அந்த எண்களை மருத்துவரிடம் கொடுத்தபோது உடனே ரத்தப் பரிசோதனைக்கும் எம்.ஆர்.ஐ. ஸ்கேனுக்கும் எழுதினார். தைராய்டு ஹார்மோன் குறைவு தெரிந்து மாத்திரை தொடங்கினார்கள். கண்ணுக்காகப் போன இடத்தில் கண்டுபிடிக்கப்பட்டது இது.

அடுத்தது கொலோபோமா. கரு உருவாகி ஐந்தாவது வாரம் முதல் ஏழாவது வாரத்துக்குள், கண்ணாக மாறப்போகும் கிண்ணத்தின் அடிப்பகுதியில் இருக்கும் பிளவு மூடிக்கொள்ள வேண்டும். மூடாமல் நின்றுவிட்டால் ஐரிஸிலோ, விழித்திரையிலோ, நரம்புத் தட்டிலோ, சில சமயம் மூன்றிலுமோ ஒரு பள்ளம் விழும். தாய்க்குத் தான் கருவுற்றிருப்பதே சரியாகத் தெரியாத வாரங்கள் இவை. ஐரிஸில் இருந்தால் நம் கண்ணுக்கே தெரியும்: கண்பாவை வட்டமாக இல்லாமல் சாவித் துவாரம்போலக் கீழ்நோக்கி நீண்டிருக்கும். உள்ளே தட்டில் மட்டும் இருந்தால் வெளியே தெரியாது.

இங்கே நம் ஒளியியல் பாடம் உதவிக்கு வருகிறது. விழித்திரையில் பிம்பம் தலைகீழாக விழுகிறது. எனவே கண்ணின் அடிப்பகுதியில் பள்ளம் இருந்தால் அந்தப் பிள்ளை இழப்பது மேற்பக்கப் பார்வையை. மேலிருந்து வரும் பந்தைப் பிடிக்காது. தாழ்ந்த கிளையில் தலையை இடித்துக்கொள்ளும். கரும்பலகையின் மேல்வரியில் எழுதிய தேதியை விட்டுவிடும். இதற்கு நேர் எதிரானதும் உண்டு. தாய்க்குச் சர்க்கரை நோய் இருந்த சில பிள்ளைகளுக்கு நரம்பின் மேற்பாதி மட்டும் மெலிந்திருக்கும். அவர்களுக்குக் கீழ்ப்பக்கப் பார்வை குறையும். படியில் தடுக்கி விழுவார்கள். ஆனால் எழுத்து அட்டையைப் படிக்கச் சொன்னால் கடைசி வரி வரை படித்துவிடக்கூடும். "கண்ணு நல்லாத்தானே இருக்கு, பார்த்து நடக்க வேண்டியதுதானே" என்று அவர்கள் எத்தனை முறை திட்டு வாங்கியிருப்பார்கள்!

மார்னிங் குளோரி என்று ஒரு வகை. தட்டு புனல் வடிவில் விரிந்து, ரத்தக் குழாய்கள் ஆரங்கள்போல வெளியே ஓடுவதைப் பார்த்து, காலையில் பூக்கும் அந்தக் கொடிப்பூவின் பெயரை 1970இல் கிண்ட்லர் என்ற மருத்துவர் இதற்கு வைத்தார். நம் கண்மாய்க் கரைகளில் அடர்ந்து கிடக்கும் நெய்வேலிக் காட்டாமணக்கும் அதே இனந்தான். பூவைப் பறித்து உள்ளே பார்த்தால் பெயர்ப் பொருத்தம் விளங்கும். அரிதானது, பெரும்பாலும் ஒரு கண்ணில்தான் வரும். மூளை ரத்தக் குழாய்க் கோளாறும் உடனிருக்கலாம் என்பதால் ஸ்கேன் எடுக்கச் சொல்வார்கள். தட்டில் சிறு குழியாக விழும் வகையும் உண்டு.

ட்ரூசன் என்பது தட்டுக்குள் சுண்ணாம்புத் துகள்கள் படிவது. பார்வை பெரும்பாலும் கெடாது. ஆனால் தட்டு வீங்கினாற்போல் தெரிவதால் மூளையில் அழுத்தம் கூடியிருக்கிறதோ என்ற சந்தேகம் எழும். அல்ட்ராசவுண்ட் எடுத்தால் துகள்கள் பளிச்சென்று தெரிந்துவிடும்.

"கிரகணத்தன்னைக்கு வெளிய வந்தா"

மருத்துவர் பிறவிக் குறை என்று சொன்ன அன்றே அந்த வீட்டில் வேறொரு விசாரணை தொடங்கிவிட்டது. அப்பத்தா பள்ளிக்கே வந்து சொன்னார்: "கிரகணத்தன்னைக்கு வெளிய வராதன்னு தலபாடா அடிச்சுக்கிட்டேன், கேட்டாளா இவ?" அம்மா தலைகுனிந்து நின்றார். கிரகணத்துக்கும் இதற்கும் எந்தத் தொடர்பும் இல்லை என்று நான் சொன்னது அப்பத்தாவுக்கு எட்டியதா தெரியாது, அம்மாவுக்கு எட்டியது.

நரம்பு மெலிவுக்குப் பெரும்பாலான பிள்ளைகளில் திட்டமான காரணம் கண்டுபிடிக்க முடிவதில்லை. மிக இளவயதுத் தாய்மாரின் முதல் குழந்தைகளில் கூடுதலாகக் காணப்படுவதாகப் பல நாட்டு ஆய்வுகள் சொல்கின்றன. குழந்தைத் திருமணத்தைத் தடுக்க நாம் பேசும்போது சொல்வதற்கு இது இன்னொரு செய்தி. கொலோபோமாவில் சில குடும்பங்களுக்கு மரபணுக் காரணம் உண்டு. சொந்தத்தில் மணம் முடிக்கும் வழக்கமுள்ள தென்னிந்தியக் குடும்பங்களில் பிறவிக் கண் குறைகள் கூடுதலாக இருப்பதை ஆய்வுகள் காட்டியுள்ளன. அடுத்த குழந்தை பெற நினைக்கும் பெற்றோர் மரபியல் ஆலோசனை கேட்பது நல்லது. கொலோபோமா உள்ள சில பிள்ளைகளுக்குக் காது, இதயம், சிறுநீரகம் ஆகியவற்றிலும் குறை இருக்கலாம். ஆகவே கண்ணோடு சேர்த்துக் காதையும் பரிசோதிக்கச் சொல்லுங்கள். கண்ணும் தெரியாமல் காதும் கேட்காமல் கடைசி பெஞ்சில் இருக்கும் பிள்ளையை "மந்தம்" என்று எழுதிவிடுவது எளிது.

ஆபரேஷன் பண்ணினால்?

"ஆபரேஷன் பண்ணுனா சரியாயிரும்ல டீச்சர்?" அம்மாவின் முதல் கேள்வி இதுதான். மதுரைக்காரர்களுக்கு இந்தக் கேள்வி இயல்பானது. டாக்டர் கோ. வெங்கடசாமி அரசுப் பணியிலிருந்து ஓய்வுபெற்ற பிறகு 1976இல் 11 படுக்கைகளோடு தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனையின் கண் முகாம்கள் சுற்று வட்டாரக் கிராமங்கள் எல்லாவற்றையும் எட்டியிருக்கின்றன. முகாம் வண்டியில் ஏறிப்போய், கட்டுப் பிரித்ததும் பேரப்பிள்ளையின் முகத்தைப் பார்த்த தாத்தா ஒவ்வொரு தெருவிலும் இருக்கிறார். கண் ஆஸ்பத்திரி என்றால் ஆபரேஷன், ஆபரேஷன் என்றால் பார்வை. ஆனால் கண்புரையில் மாற்றுவது லென்சை. பிறவியில் இல்லாத நரம்பு இழைகளை வைக்க இன்றுவரை அறுவைச் சிகிச்சை இல்லை. ஸ்டெம் செல் செலுத்தினால் சரியாகும் என்று சொல்லி லட்சக்கணக்கில் பணம் கேட்பவர்கள் உண்டு. பயன் தரும் என்று நிரூபிக்கப்பட்ட அப்படியொரு சிகிச்சை இதற்கு இல்லை. நகையை அடகு வைக்கும் முன் பெற்றோர் இதை யாரிடமாவது கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். அந்த "யாராவது" பெரும்பாலும் நாமாகத்தான் இருப்போம். தாய்ப்பால், பச்சிலைச் சாறு எதையும் கண்ணில் ஊற்ற வேண்டாம் என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுங்கள்.

அதற்காக எதுவுமே செய்வதற்கில்லை என்று பொருளில்லை. கிட்டப்பார்வையும் சேர்ந்திருந்தால் கண்ணாடி அந்தப் பங்கை மட்டும் சரிசெய்யும். ஒரு கண்ணில் மட்டும் குறை இருந்தால், மூளை அந்தக் கண்ணைப் புறக்கணிப்பதால் வரும் கூடுதல் மங்கலைச் சிறுவயதிலேயே நல்ல கண்ணை மூடிப் பழக்கி ஓரளவு மீட்கலாம். இதனால்தான் முதல் வகுப்பில் கண்டுபிடிப்பதும் ஏழாம் வகுப்பில் கண்டுபிடிப்பதும் ஒன்றல்ல. நல்ல கண்ணைக் காக்க உடையாத கண்ணாடி வேண்டும். கொலோபோமா, மார்னிங் குளோரி உள்ளவர்களுக்கு விழித்திரை விலகும் அபாயம் உண்டு. மின்னல் வெட்டுவதுபோல் தெரிகிறது, திரை விழுந்தாற்போல் இருக்கிறது என்று பிள்ளை சொன்னால் அன்றே மருத்துவமனை. இருக்கும் பார்வையைப் பயன்படுத்தப் பழக்குவதற்கு உருப்பெருக்கிகளும் பயிற்சியும் குறைபார்வை மையங்களில் கிடைக்கும்.

வகுப்பறையில்

நம்மிடம் உள்ள எளிய கருவி ஊசித்துளைதான். கெட்டி அட்டையில் சுமார் ஒரு மில்லிமீட்டர் துளை போடுங்கள். ஆறு மீட்டர் தூரத்தில் எழுத்து அட்டை. ஒரு கண்ணை உள்ளங்கையால் மூடி, மறு கண்ணால் முதலில் வெறுமனே, பிறகு துளை வழியே படிக்கச் சொல்லுங்கள். துளை வழியே கூடுதலாக ஓரிரு வரி படித்தால் ஒளி குவிவதில்தான் குறை, கண்ணாடி உதவக்கூடும். துளையிலும் மாற்றமில்லை என்றால் காரணம் வேறெங்கோ இருக்கிறது. அது நரம்பாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. விழித்திரையாகவோ சோம்பல் கண்ணாகவோ இருக்கலாம். நோயைக் கண்டுபிடிப்பது நம் வேலையில்லை. "கண்ணாடி போட்டும் தெரியவில்லை, ஊசித்துளையிலும் தெரியவில்லை" என்று ஒரு சீட்டில் எழுதி அனுப்பினாலே மருத்துவருக்குப் பாதி வேலை மிச்சம். 2013 முதல் நடைபெறும் தேசியக் குழந்தைகள் நலத் திட்டத்தின் நடமாடும் மருத்துவக் குழு பள்ளிக்கு வரும்போது இந்தச் சீட்டோடு பிள்ளையை முன்னால் நிறுத்துங்கள்.

பிறவிக் குறை பொதுவாக நாளுக்கு நாள் கூடாது. எனவே நன்றாகப் படித்துக்கொண்டிருந்த பிள்ளைக்குப் பார்வை குறைந்துகொண்டே போனாலோ, காலைத் தலைவலியும் வாந்தியும் சேர்ந்தாலோ அது வேறு நோய், மூளைக் கட்டியாகக்கூட இருக்கலாம். அதற்கு முகாம் வரும்வரை காத்திருக்கக் கூடாது.

எங்கள் மாணவியின் பழைய தமிழ் நோட்டுகளைப் பிறகு எடுத்துப் பார்த்தேன். பக்கமெல்லாம் சிவப்பு வட்டம். பெரும்பாலும் ஒற்றுப்பிழை. "பக்கம்" என்பதைப் "பககம" என்று எழுதியிருந்தாள். இலக்கணம் தெரியாமல் அல்ல. கரும்பலகையில் நாங்கள் வைத்த புள்ளி அவளுக்குத் தெரியவில்லை. கொம்பின் சுழியும், "கி"க்கும் "கீ"க்கும் உள்ள வேறுபாடும் அப்படித்தான். கணக்கில் 3.5 என்பது 35 ஆகியிருந்தது. வாயால் கேட்டால் சரியாகச் சொல்பவள், பார்த்து எழுதும்போது மட்டும் தவறுகிறாள் என்பதை மூன்று ஆசிரியர்கள் தனித்தனியே கவனித்திருக்கிறோம். சேர்ந்து உட்கார்ந்து பேசியதில்லை.

"புத்தகத்தைக் கிட்ட வச்சுப் படிக்காத, கண்ணு கெட்டுடும்" என்று இந்தப் பிள்ளைகளைத் திட்ட வேண்டாம். கிட்டே வைத்தால் எழுத்து பெரிதாகத் தெரிகிறது. அதனால் நரம்புக்கு ஒரு கேடும் இல்லை. கண் ஆட்டம் உள்ள பிள்ளை தலையைச் சாய்த்தோ முகத்தைத் திருப்பியோ பார்க்கும். அந்தக் கோணத்தில் ஆட்டம் குறைந்து எழுத்து தெளிகிறது. "நேரா உட்காரு" என்றால் அவளுடைய பார்வையை நாமே குறைக்கிறோம். இடத்தை அவளே தேர்ந்தெடுக்கட்டும். எங்கள் மாணவி முதல் பெஞ்சை விட்டுவிட்டு, இரண்டாம் வரிசையின் வலது ஓரத்தைக் கேட்டாள். நான் ஆச்சரியப்பட்டேன், அங்கே ஜன்னல் வெளிச்சம் பலகையில் பளபளக்காது என்று காரணமும் சொன்னாள்.

மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016இன்படி, கண்ணாடி அணிந்த பிறகும் நல்ல கண்ணின் பார்வை 6/18க்குக் கீழே இருந்தாலோ, பார்வைப் பரப்பு 40 பாகைக்குக் குறைவாக இருந்தாலோ அது குறைபார்வை. முன்னது மட்டுமே பலருக்குத் தெரியும். அட்டையைக் கடைசி வரி வரை படித்துவிட்டுப் படியில் தடுக்கி விழும் பிள்ளையின் பரப்பையும் அளக்கச் சொல்லிக் கேட்க வேண்டும். அடையாள அட்டை கிடைத்ததும் வட்டார வள மையச் சிறப்புப் பயிற்றுநரிடம் சொல்லுங்கள். பொதுத்தேர்வுச் சலுகைகளைப் பத்தாம் வகுப்பு ஜனவரியில் தேடி அலையாமல் முன்பே பேசி வைப்பது நல்லது.

ஜூனில் அவள் எட்டாம் வகுப்புக்குப் போகிறாள். அடுத்த வகுப்பாசிரியருக்காக ஒரு பக்கம் எழுதிப் பதிவேட்டில் ஒட்டியிருக்கிறேன். கண்ணாடி போட வற்புறுத்த வேண்டாம், படிக்கும்போது அவளே போட்டுக்கொள்வாள். கரும்பலகையில் எழுதும்போது வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே எழுதவும். மெய்யெழுத்துப் புள்ளியையும் தசமப் புள்ளியையும் பெரிதாக வைக்கவும். காய்ச்சல் என்று சொன்னால் வகுப்பில் படுக்க வைக்காமல் உடனே அம்மாவைக் கூப்பிடவும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை உயரம் அளந்து, அந்த எண்ணை அம்மாவின் கையில் கொடுத்தனுப்பவும். கடைசி வரியை அவளே சொல்லி எழுதச் சொன்னாள்: "இறகுப்பந்து வேண்டாம், கேரம் விளையாட விடவும்."